கொடியில் காய்ந்த ஆசாரம்

எங்கள் தெருவில் ஒருவருடைய பக்தியை அளப்பதற்கு அவர் வீட்டு மொட்டைமாடிக் கொடியைப் பார்த்தால் போதும். ஈரவேட்டி ஒன்று தொங்கினால் சாதாரண மனிதர். இரண்டு தொங்கினால் நல்லவர். மதுசூதனன் வீட்டுக் கொடியில் லீவு நாட்களில் ஐந்தாறு தொங்கும். ஆழ்வார்திருநகரி முழுக்கத் தேடினாலும் இப்படியொரு ஆசார சீலர் கிடைக்க மாட்டார் என்று நாங்கள் முடிவு செய்து பல காலம் ஆகிறது. நாங்கள் ஒன்றை முடிவு செய்துவிட்டால், சம்பந்தப்பட்டவரே வந்து மறுத்தாலும் காதில் போட்டுக்கொள்ள மாட்டோம்.

மதுசூதனனுக்கு வேலை தூத்துக்குடியில், ஒரு கப்பல் ஏஜென்சி ஆபீஸில். சரக்குக் கப்பல் வந்தால் கஸ்டம்ஸுக்கும் துறைமுகத்துக்கும் காகிதங்களைத் தூக்கிக்கொண்டு அலைந்து கையெழுத்து வாங்கி வருவார். மனைவி கோமளவல்லி. ஒரே மகள் விஷ்ணுப்ரியா, தூத்துக்குடியில் பி.காம் படிக்கிறாள். லீவு நாட்களிலும் உற்சவ காலத்திலும் மதுசூதனன் கோயிலில் பாசுரம் சேவிக்கும் கோஷ்டியில் உட்காருவார். அது வம்சத்தில் வந்தது. குரலும் நன்றாக இருக்கும், அதில் யாரும் குறை சொல்ல முடியாது.

அவருக்கு இருந்தது வியாதி. பெருங்குடலின் உட்சுவர் வீங்கிச் சிவந்து, புண்ணாகி, ரத்தம் கசியும் வியாதி. டாக்டர்கள் அல்சரேடிவ் கொலைட்டிஸ் என்பார்கள். இதைக் கடைசிவரை ஒளித்துவைத்து உங்களை அசத்தும் உத்தேசம் எனக்கில்லை. ஒளித்துவைக்கும் வேலையை அவரே வேண்டிய அளவு செய்துவிட்டார்.

இந்த வியாதி கிளம்பும்போது வயிறு முன்கூட்டித் தகவல் சொல்லாது. இப்போது என்றால் இப்போதே போக வேண்டும். போய் உட்கார்ந்தால் வருவது கொஞ்சம் சளியும் ரத்தமும்தான். எழுந்து வந்தால் மறுபடியும் அதே அவசரம். ஒரு காலைப்பொழுதுக்குள் நான்கைந்து தடவை ஆகிவிடும். எங்கள் ஊர் விதியோ, அந்தக் காரியத்துக்குப் போய்வந்தவர் தலையோடு தீர்த்தமாடாமல் பெருமாள் பக்கம் நெருங்கக் கூடாது, கோஷ்டியில் உட்காரக் கூடாது. ஆக, நான்கைந்து தடவை போனவர் நான்கைந்து தடவை குளித்தார். வேட்டிகள் கொடிக்குப் போயின. நாங்கள் கொடியைப் பார்த்தோம். எதற்குக் குளிக்கிறார் என்று ஒருவரும் கேட்கவில்லை. எத்தனை தடவை குளிக்கிறார் என்று மட்டும் எண்ணினோம், வாயைப் பிளந்தோம்.

ஆரம்பத்தில் அவரும் மூலம் என்றுதான் நினைத்தார். தாமிரபரணிக் கரையில் ரத்தம் போனால் மூலம், எரிந்தால் உஷ்ணம், இரண்டும் இல்லாவிட்டால் வாயு. இந்த மூன்றில் அடங்காத வியாதியை நாங்கள் அங்கீகரிப்பதில்லை. கோமளவல்லி வெந்தயத்தை ஊறவைத்தாள். ஆபீஸில் பக்கத்து மேஜைக்காரர் சொரிமுத்து, ஆதிச்சநல்லூர்ப் பக்கம் வயல் வைத்திருப்பவர், ஒரு பை நிறைய துத்தி இலையைக் கொண்டுவந்து நீட்டினார்.

“சாமி, நீரு எத்தன தடவ எந்திரிச்சுப் போறீருன்னு நானும் பாத்துக்கிட்டுதான் இருக்கேன். மூலத்துக்கு இத மிஞ்சி ஒண்ணும் கெடையாது. நெய்யில வதக்கித் தின்னும்.”

சாமி தின்றார். கருணைக்கிழங்கும் தின்றார். மெடிக்கல் ஸ்டோரில் பேதி நிற்க மாத்திரை வாங்கி விழுங்கினார். எல்லாம் உள்ளே போயின, ரத்தம் மட்டும் வெளியே வந்துகொண்டிருந்தது. கடைசியில் ஒரு நாள் துறைமுகத்துக்குள், கன்டெய்னர் வரிசைக்கு நடுவே, கையில் காகிதக் கட்டோடு தலைசுற்றித் தரையில் உட்கார்ந்துவிட்டார். உடம்பில் ரத்தம் பாதியாகக் குறைந்திருந்தது. சொரிமுத்துதான் ஆட்டோவில் ஏற்றிக் குடல் டாக்டர் ஜெர்சனிடம் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

ஜெர்சன் கேமரா வைத்த குழாயை உள்ளே விட்டுப் பார்த்து, சதையில் துளி எடுத்து சோதனைக்கு அனுப்பி, முடிவு வந்தபிறகு மதுசூதனனையும் கூட வந்த சொரிமுத்துவையும் உட்காரவைத்துப் பேசினார்.

“இது மூலம் இல்ல. உடம்பக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தி, உங்க குடலையே எதிரின்னு நெனச்சு அடிக்குது. ஏன் அடிக்குதுன்னு முழுசா யாருக்கும் தெரியாது. மொளகாய் காரணமில்ல, நீங்க செஞ்ச பாவமும் காரணமில்ல. ஒருத்தர்கிட்ட இருந்து ஒருத்தருக்கு ஒட்டாது. அடக்கி வைக்கலாம், அடியோட போகாது. கொஞ்ச நாள் அடங்கி இருக்கும், அப்புறம் தல தூக்கும். அதனால நல்லா இருக்கும்போதும் மாத்திரைய விடக் கூடாது. அப்பப்ப குழாய் விட்டுப் பாக்கணும், வருஷக்கணக்குல புண்ணா கெடந்தா புத்துநோய்க்கும் வழியாகும்.”

மதுசூதனன் தலையாட்டினார்.

“பிள்ளைங்க இருக்காங்களா? மத்தவங்களவிட அவங்களுக்கு வாய்ப்பு கொஞ்சம் கூட. வந்தே தீரும்னு சொல்லல. வீட்டுல விஷயத்தச் சொல்லி வைங்க. ரத்தம் கண்டா ஒளிக்காம வரணும், அவ்வளவுதான்.”

இதற்கும் தலையாட்டினார். சொரிமுத்து பிற்பாடு சொன்னார், அந்த ஒன்றுக்கு மட்டும் தலை ஆடிய விதம் சரியில்லை என்று.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார். கோமளவல்லி முதலில் அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு கணக்குப் போட்டாள்.

“ஏன்னா, ஆத்துல பொண்ணு இருக்கா. இன்னும் கொஞ்ச நாள்ல ஜாதகம் எடுக்கணும். அப்பாவுக்குக் குடல்ல வியாதின்னு ஒரு வார்த்தை வெளியில போச்சுன்னா எவன் வாசப்படி ஏறுவான்? ஊர்ல ஆசாரம்னுதானே சொல்றா. சொல்லிண்டு போகட்டுமே, நமக்கென்ன.”

அவரும் சரி என்றார். மகளிடமும் அதையே சொன்னார்கள்: அப்பா ஆசாரம் பார்க்கிறார். மகளுடைய நன்மைக்காக மகளிடமிருந்தே மறைத்தார்கள். இதைவிடப் பெரிய புத்திசாலித்தனம் எங்கள் தெருவில் அதுவரை நடந்ததில்லை.

அதற்குப் பிறகு வியாதி என்ன செய்தாலும் அது அவருடைய புகழில் போய்ச் சேர்ந்தது. வெளியே எது சாப்பிட்டாலும் அடுத்த நிமிஷம் ஓட வேண்டியிருக்கும் என்று கல்யாண வீடுகளில் கை நனைக்காமல் வந்தார். பிறர் வீட்டு அன்னம் தொடுவதில்லை என்று சொல்லிக்கொண்டோம். இந்த வியாதி சிலருக்குக் கண்ணிலும் மூட்டிலும் வேலையைக் காட்டும். கண் சிவந்து நீர் கட்டிய நிலையில் பாசுரம் சேவித்தபோது, எதிரே நின்ற பெண்கள் அதைப் பார்த்து உருகித் தாங்களும் அழுதார்கள். வியாதி முற்றியபோது டாக்டர் ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தார். அது முகத்தை ஊதவைத்து, கன்னத்தைப் பளபளவென்று ஆக்கிவிட்டது. உடம்பு ஈர்க்குச்சி, முகம் மட்டும் பூரண சந்திரன். எங்களுக்கு வேறென்ன வேண்டும்? தேஜஸ் என்று பெயர் வைத்துவிட்டோம்.

கோஷ்டியில் அவர் எப்போதும் கடைசி வரிசையில், வாசலை ஒட்டி உட்காருவார். எழுந்து ஓட வசதியான இடம் அதுதான். கோஷ்டிக்கு மூத்தவரான ராமானுஜன் சுவாமிக்கு இது மிகவும் பிடித்திருந்தது. அவர் ஹெட்மாஸ்டராக இருந்து ரிடையர் ஆனவர். எதைப் பார்த்தாலும் அதில் பத்துப் பேருக்கு ஒரு பாடம் இருப்பதாக அவருக்குத் தோன்றும்.

“பாருங்கோ, இவ்வளவு ஞானத்தை வச்சுண்டு வாசப்படிகிட்ட உக்காந்திருக்கார். அடக்கம்னா இதுதான்” என்பார்.

தூத்துக்குடியில் கதை வேறு. அங்கே கொடியும் கிடையாது, பார்த்து எண்ண ஆளும் கிடையாது. காலி நாற்காலி மட்டும்தான் கண்ணில் படும். ஆபீஸ் முதலாளி அண்ணாச்சி கண்ணாடி அறையிலிருந்து எட்டிப் பார்த்து, “ஏலே சொரிமுத்து, அந்த ஐயங்காரு எங்கன போயிட்டாரு? ஷேர் மார்க்கெட்டு பேசவா?” என்று கேட்பார். “டீ குடிக்கப் போயிருக்காரு அண்ணாச்சி” என்று சொரிமுத்து சமாளிப்பார். மதுசூதனன் டீயைத் தொட்டு எத்தனையோ காலம் ஆகியிருந்தது. ஒரே மனிதர், ஒரே குடல். ஊரில் ஞானி, ஆபீஸில் ஓபி அடிப்பவர்.

ஊருக்கும் ஆபீஸுக்கும் நடுவே உள்ள சாலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஏரல், முக்காணி, பழையகாயல் வரை வாழைத்தோட்டமாவது உண்டு. அதற்கப்புறம் உப்பளம். கண்ணுக்கு எட்டிய மட்டும் வெள்ளை வெளேரென்று பாத்திகள். ஒரு ஆள் குனிந்தால் ஊரே பார்க்கும். பஸ்ஸில் அந்த இடம் வரும்போதெல்லாம் மதுசூதனன் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு உதட்டை அசைப்பார். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் மந்திரம் ஜபிக்கிறார் என்று நினைத்துக் காலை மடக்கி மரியாதையாக உட்காருவார்கள்.

மாத்திரை ஒழுங்காகப் போட்டதில் ஒரு வருஷம் வியாதி அடங்கிக் கிடந்தது. ரத்தம் இல்லை, ஓட்டம் இல்லை. ஜெர்சன் சொன்ன அந்த இடம் இதுதான்: நல்லா இருக்கும்போதும் விடக் கூடாது. மதுசூதனன் விட்டார். குணமானது மாத்திரையால்தான் என்று நம்புவதற்குள், ஊர் அவருக்குக் கொடுத்திருந்த பட்டங்களை அவரே நம்ப ஆரம்பித்துவிட்டார். கொஞ்ச நாளில் வயிறு பழைய பாக்கியை வசூலிக்க வந்தது.

சரியாக அந்தச் சமயத்தில் கோஷ்டியின் முன்வரிசையில் ஓர் இடம் காலியாயிற்று. அங்கே உட்கார்ந்திருந்த பெரியவருக்குத் தொண்டை போய்விட்டது. ராமானுஜன் சுவாமி நேரே மதுசூதனன் வீட்டுக்கு வந்தார்.

“மார்கழிப் பகல்பத்து உற்சவம் முதல் நாள்லேர்ந்து தேவரீர்தான் அங்க எழுந்தருளணும். மறுக்கப்படாது.”

முன்வரிசையில் உட்கார்ந்தவர் நடுவில் எழுந்திருப்பது கிடையாது. எழுந்தால் கோஷ்டியே நின்றுவிடும். மதுசூதனனுக்கு இது தெரியும். இருந்தும் அடியேன் தாசன் என்று சொல்லி ஒப்புக்கொண்டார். ஆசைதான், வேறென்ன. அவருடைய அப்பா ஆயுள் முழுக்க இரண்டாவது வரிசையிலேயே உட்கார்ந்து போய்ச்சேர்ந்தவர்.

இந்த ஏற்பாடெல்லாம் நடந்த ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் அவர்கள் வீட்டுக் கொடியில் வேட்டிகளோடு சுடிதார்களும் தொங்கத் தொடங்கின. ஒன்று, இரண்டு, பிறகு மூன்று. விஷ்ணுப்ரியாவும் பூஜையறையான பெருமாள் உள்ளுக்குள் நுழையும் முன்னால் மறுபடி மறுபடி குளித்தாள். கேட்டதற்கு, “அப்பா மாதிரி நானும் ஆசாரமா இருக்கப்போறேன்” என்றாளாம். தெருப் பெண்கள் கோமளவல்லியின் கையைப் பிடித்துக்கொண்டு, கொடுத்து வைத்தவள் என்றார்கள். கேன்டீனில் தோழிகளோடு சாப்பிடுவதையும் நிறுத்திவிட்டாள் என்று தெரிந்ததும் இன்னும் மெச்சினார்கள். ஈரத்துணியின் அர்த்தம் தெரிந்த ஒரே மனிதர் அந்த மாடியின் கீழேதான் உட்கார்ந்திருந்தார். அவருக்கு முன்வரிசையைத் தவிர எதுவும் கண்ணில் படவில்லை. மகளைப் பற்றி நாலு பேர் பேசுவது அவருக்கும் இனிப்பாகத்தான் இருந்தது.

பகல்பத்து முதல் நாளுக்கு அவர் செய்த தயாரிப்பு இது: முந்தின நாளே சாப்பாட்டை நிறுத்தினார். தண்ணீரை நிறுத்தினார். பழைய அட்டையில் மிச்சம் இருந்த ஸ்டீராய்டு மாத்திரைகளை டாக்டரைக் கேட்காமல் விழுங்கினார். தானாக ஆரம்பிக்கவும் கூடாது, தானாக நிறுத்தவும் கூடாது என்று சொல்லிக் கொடுத்த மாத்திரை அது. காலையில் பரிவட்டமும் திருமண்ணுமாக முன்வரிசையில் உட்கார்ந்தபோது வயிறு சொன்னபடி கேட்டது. அவர் மனசு நிறைந்திருந்தது. பெருமாளையும் பார்த்தார், ஊர் தன்னைப் பார்ப்பதையும் பார்த்தார். சொரிமுத்துகூடத் தன் காரை எடுத்துக்கொண்டு வந்து தூணோரமாக நின்றார்.

நடுவில் கொஞ்சம் ஓய்வு வந்தது. ராமானுஜன் சுவாமியால் ஓய்வைச் சும்மா விட முடியாது. தொண்டையைச் செருமிக்கொண்டு எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார்.

“இந்தக் காலத்துக் கொழந்தைகள்ல ஆசாரம் போயிடுத்துன்னு சொல்றோம். மதுசூதனன் சுவாமியோட குமாரத்தியைப் பாருங்கோ. காலம்பரேந்து மூணு தடவை அகத்துக்கு ஓடிப் போய்த் தீர்த்தமாடிட்டு வந்து நிக்கறது. மார்கழிக் குளிர்ல.”

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மதுசூதனனும் பார்த்தார்.

விஷ்ணுப்ரியா பெண்கள் கூட்டத்தின் கடைசியில், வாசலை ஒட்டி நின்றாள். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. உதடு வெளுத்திருந்தது. சுடிதார்க் கை தோளிலிருந்து தொளதொளவென்று தொங்கியது. இடது கையை அடிவயிற்றில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, பாராட்டுக்குச் சிரிக்க முயன்றாள். அவள் நின்ற இடம் அவருக்கு நன்றாகத் தெரியும். அங்கிருந்து வீட்டுக் கழிவறைக்கு எவ்வளவு வேகமாகப் போகலாம் என்பதும் தெரியும்.

அவர் எழுந்தார்.

“என்ன சுவாமி, ஆரம்பிக்கப் போறோமே” என்றார் ராமானுஜன்.

“அது ஆசாரம் இல்ல சுவாமி.” முன்வரிசைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட குரல் என்பதால் கடைசி வரை கேட்டது. “அடியேனுக்குக் குடல்ல வியாதி. ரத்தமாப் போறது. ஒவ்வொரு தடவையும் அதுக்குப் போயிட்டு வந்துதான் தீர்த்தமாடினேன். கொழந்தைக்கும் அதுதான்னு பயமா இருக்கு. டாக்டர்கிட்ட அழைச்சுண்டு போறேன், க்ஷமிக்கணும்.”

கோமளவல்லி புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். மதுசூதனன் கோஷ்டிக்கு நடுவிலேயே நடந்து போய் மகளின் கையைப் பிடித்தார். சொரிமுத்து அதற்குள் கார்ச் சாவியை எடுத்துவிட்டார்.

எங்கள் ஊரைக் குறைத்துச் சொல்லக் கூடாது. அவர்கள் கோபுரவாசலைத் தாண்டுவதற்குள் மூன்று வைத்தியம் தயாராகிவிட்டது. அல்சர்தானே, வேளாவேளைக்கு மோர் குடித்தால் போதும் என்றார் ஒருவர். அந்தத் தேஜஸைப் பார்த்தபோதே எனக்குச் சந்தேகம் என்றார் இன்னொருவர். ஒட்டுமோ என்னமோ என்று ஒருவர் தன் ஆசனத்தைக் கொஞ்சம் நகர்த்திப் போட்டார். காலியான முன்வரிசை இடத்தில் வேறொருவர் உட்கார்ந்துவிட்டார், கோஷ்டி தொடர்ந்தது.

விஷ்ணுப்ரியாவுக்கு அதே வியாதிதான். குடலின் கடைசிப் பகுதியில் மட்டும்தான் பரவியிருக்கிறது, நேரத்தோடு வந்துவிட்டீர்கள் என்றார் ஜெர்சன். அப்பாவைத்தான் ரொம்ப நேரம் திட்டினார். இப்போது இரண்டு பேரும் மாத்திரையை விடுவதில்லை. அவள் காலேஜுக்குப் போய்வருகிறாள். அவர் பழையபடி கடைசி வரிசையில் உட்காருகிறார், எழுந்து போக வேண்டிய அவசியம் அநேகமாக இல்லை. கொடியில் காலையில் ஒரு வேட்டி, ஒரு சுடிதார், அவ்வளவுதான். அந்த வீட்டில் ஆசாரம் குறைந்துபோய்விட்டது என்று தெருவில் வருத்தமாகப் பேசிக்கொள்கிறார்கள்.

அன்றைக்குக் காரில் நடந்ததைச் சொரிமுத்து பிற்பாடுதான் சொன்னார். மதுசூதனன் முன்னால் உட்கார்ந்திருந்தார், தாயும் மகளும் பின்னால். உப்பளம் ஆரம்பித்த இடத்தில் விஷ்ணுப்ரியா, “அப்பா” என்றாள். அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். சொரிமுத்து இரண்டு பக்கமும் பார்த்தார். உப்புக் குவியல்தான் இருந்தது, ஒரு செடிகூட இல்லை.

மதுசூதனன் திரும்பிப் பார்க்காமலே பேசினார். “சொரிமுத்து, முள்ளக்காடு வளைவு தாண்டினதும் இடது பக்கம் பெட்ரோல் பங்க். பின்னால பாத்ரூம் இருக்கு. பூட்டியிருப்பா, சாவி ஆயில் டப்பா அலமாரியில தொங்கும். ப்ரியா, தாழ்ப்பாளைக் கொஞ்சம் தூக்கிப் போடணும்மா. தண்ணி நன்னா வரும். இதோ வந்துடுத்து, பிடிச்சுக்கோ.”

பங்கில் அவரே ஓடிப்போய்ச் சாவியை எடுத்துக் கொடுத்தார். அவள் வெளியே வரும்வரை கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, யாரும் அந்தப் பக்கம் வராமல் பார்த்துக்கொண்டு, அவளுடைய கைப்பையைப் பிடித்தபடி நின்றார். அவள் வந்து பையை வாங்கிக்கொண்டாள்.

“இங்க சாவி எங்க தொங்கும்னு உனக்கு எப்படிப்பா தெரியும்?”

“நிறைய தடவை வந்திருக்கேன்.”

அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாளாம்.

“ரத்தத்தைப் பாத்துட்டு செத்துப் போயிடுவேன்னு நெனச்சேன்பா. யார்கிட்ட சொல்றதுன்னே தெரியல. ஆசாரம்னு சொன்னா ஒருத்தரும் கேக்கறதில்லையே. உன்னைப் பாத்துதான் நானும் குளிச்சேன்.”

கார் கிளம்பும் முன் கோமளவல்லியை முன்னால் வரச்சொல்லிவிட்டு அவர் பின்னால் மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். துறைமுக பைபாஸில் எந்த ஓட்டலில் கேட்காமலே உள்ளே விடுவார்கள், எந்தச் சர்ச் வளாகத்தில் சுத்தமாக இருக்கும், அவள் காலேஜ் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே எந்த பேங்கில் பின்பக்கம் போகலாம் என்று, டாக்டர் வீட்டு வாசல் வருகிறவரை அவளுக்கு ஒவ்வொரு இடமாகச் சொல்லிக்கொண்டே வந்தார்.